பூட்லோடரின் சாவி யாரிடம்? மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர், செயலர், கைபேசி தொடர்பான கோப்புகளைக் கையாளும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம். இம்மடலைத் தமிழிலேயே எழுதுகிறோம். மொழிபெயர்க்க உங்கள் அமைச்சகத்தின் பாஷிணி இருக்கிறது. தொழில்நுட்பச் சொற்களில் அது தடுமாறினால் அதற்கும் இதை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு கைபேசி இயங்குதளம் வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்பும். ஐஐடி மெட்ராஸின் தொழில் வளர்ப்பகத்தில் உருவான நிறுவனம் 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை அறிமுகம் செய்தபோதும் கிளம்பியது. ஆண்ட்ராய்டில் யாரும் எடுத்து மாற்றக்கூடிய திறமூலப் பகுதியான ஏஓஎஸ்பியின் மேல் கட்டியது என்று தெரிந்ததும், 'இது சொந்தச் சரக்கா?' என்று பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் நியாயமில்லை. ஏஓஎஸ்பியில் தொடங்குவது புத்திசாலித்தனம்தான். கேட்டிருக்க வேண்டியது வேறு: அது எந்தெந்தக் கைபேசிகளில் ஓடும்? அந்தக் கைபேசிக்குச் சில்லு நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திய மறுநாளும் ஓடுமா?

இயங்குதளத்துக்குப் பஞ்சமே இல்லை. உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், லினேஜ்ஓஎஸ் என வரிசையாக இருக்கின்றன. அவற்றை ஏற்ற விடாமல் தடுப்பது கைபேசியின் அடித்தளம்: முதலில் எழுந்து இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர், வன்பொருளை ஆளும் மைய நிரலான கர்னல், சில்லுகளுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர். அதைத் திறக்கும் அதிகாரம் எந்தத் தன்னார்வலரிடமும் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட வழங்கல் (நிறுவத் தயாராகத் தொகுத்த கணினி இயங்குதளம்) அது. ரிச்சி தெருவில் வாங்கிய கணினி எதுவானாலும் ஒரு பென்டிரைவைச் செருகி நிறுவிவிடலாம். கணினியை இயக்கியதும், உள்ளே என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை அதன் தொடக்க நிரலான பயாஸோ யூஇஎஃப்ஐயோ கர்னலிடம் ஒப்பித்துவிடுகிறது. பிசிஐ தடத்தில் மாட்டிய அட்டை தன் பெயரைத் தானே சொல்கிறது. கைபேசியில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. தொடுதிரைச் சில்லு, சில்லுகளை இணைக்கும் ஐ2சி தடங்களில் எதில், எந்த முகவரியில் இருக்கிறது, அதற்கு 1.8 வோல்ட்டா 3.3 வோல்ட்டா, அதைத் தரும் ரெகுலேட்டர் எது, ரீசெட் கால் எது என்று ஒன்றுவிடாமல் 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பில் ஒருவர் கையால் எழுதியாக வேண்டும். மாடலுக்கு ஒரு கோப்பு, சமயத்தில் ஒரே மாடலுக்கு இரண்டு. 2018-இல் இந்தியாவில் வெளிவந்த போக்கோ எஃப்1-இல் தியான்மா, இபிபிஜி என இரண்டு நிறுவனங்களின் திரைப் பலகங்கள் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கோப்பை மாற்றிப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

சுற்று வரைபடம் கையில் இல்லாமல் ஒரு கடைக் கைபேசியில் மெயின்லைன், அதாவது எல்லோருக்கும் பொதுவான மூல லினக்ஸ் கர்னலை ஏற்றுவது இப்படித்தான் நடக்கும். முதல் வேலை யூஏஆர்டி தொடர் வரியைத் தேடுவது. கர்னல் எழுந்த நொடியே விழுந்தால், ஏன் விழுந்தது என்று அது சொல்லக்கூடிய நம்பகமான இடம் அதுதான். லினக்ஸுக்கென்றே செய்த பைன்ஃபோனில் பின்மூடியைக் கழற்றி ஒரு குட்டி சுவிட்சைத் தட்டினால் ஹெட்ஃபோன் துளையே தொடர் வரியாகிவிடும். மற்றவற்றில் பலகையைத் திறந்து, சோதனைப் புள்ளிகளில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, 115200 பாட் வேகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், பூட்லோடர் ஏற்கெனவே ஒளியேற்றி வைத்த திரை நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தை வரவழைக்கும் 'சிம்பிள்ஃபிபி' என்ற குறுக்கு வழி உண்டு. அடுத்து கடிகாரங்கள், ரெகுலேட்டர்கள், சேமிப்பகம், யூஎஸ்பி வழியாக ஒரு வலையமைப்பு. இவ்வளவும் முடிந்தால் கைபேசி 'பூட்' ஆகிவிட்டது என்று பொருள். செய்தியாளர் சந்திப்பு வழக்கமாக இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். திரை, தொடுகை, ஒலி, வைஃபை, மோடம், கேமரா, உறக்கம் எல்லாம் இதற்கு மேல்தான் தொடங்குகின்றன.

கைபேசியோடு வரும் கர்னலையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். முடியும், கொஞ்ச காலத்துக்கு. சில்லு நிறுவனம் லினக்ஸின் ஒரு நீண்டகாலப் பதிப்பை எடுத்து, அதன்மேல் தன் நிரலைக் கொட்டிக் கைபேசி நிறுவனத்திடம் தருகிறது. அவர்கள் தங்கள் பங்கையும் சேர்க்கிறார்கள். ஒரு கருவியில் ஓடும் நிரலில் பாதி வரை மூல லினக்ஸிலும் இல்லாமல் ஆண்ட்ராய்டின் பொதுக் கர்னலிலும் இல்லாமல் போய்விட்டதை ஆண்ட்ராய்டின் ஆவணமே பதிவுசெய்திருக்கிறது. அந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் 5.10 கர்னலில் தொடங்கி நடுப்பகுதியைப் பொதுவாக்கி, வன்பொருள் பகுதிகளை இயக்கும் டிரைவர்களைத் தனி மாட்யூல்களாகப் பிரித்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மாட்யூலைப் பராமரிப்பவர் அதே சில்லு நிறுவனம். அவர் கையை உதறினால் நடுப்பகுதி புதிதாக இருந்தும் பயனில்லை.

கையை உதறிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஃபேர்ஃபோன் 2 என்ற கைபேசி நல்ல பாடம். 2015 இறுதியில் வந்தது, ஸ்னாப்டிராகன் 801 சில்லு. சில்லு நிறுவனத்தின் ஆதரவு ஆண்ட்ராய்டு 6-ஓடு நின்றது. ஃபேர்ஃபோன் தானே மல்லுக்கட்டி ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்து, 2023 மார்ச் வரை திருத்தங்கள் தந்தது. அதே 2023-இல் வந்த ஃபேர்ஃபோன் 5-க்கு, தொழிற்சாலைக் கருவிகளுக்காக நீண்ட ஆதரவோடு விற்கப்படும் க்யூசிஎம்6490 சில்லைத் தேர்ந்தெடுத்தது. சில்லு நிறுவனத்தோடு எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் என்பதுதான் ஒரு கைபேசியின் ஆயுள். மற்றதெல்லாம் விளம்பரம்.

கர்னலுக்குக் கீழே ஃபர்ம்வேர் இருக்கிறது. பொதுவெளியில் அதிகம் பேசப்படாத முட்டுக்கட்டை இது. குவால்காம் சில்லுகளின் அட்ரீனோ கிராஃபிக்ஸுக்கு ஃப்ரீட்ரீனோ, வேறு பல சில்லுகளில் உள்ள மாலிக்கு லிமாவும் பான்ஃப்ராஸ்டும் என்று நல்ல திறமூல டிரைவர்கள் வந்துவிட்டன. ஆனால் குவால்காம் சில்லில் கிராஃபிக்ஸ் பகுதியை எழுப்பவே நிறுவனம் மின்னணுக் கையொப்பமிட்ட ஒரு சிறு கோப்பு தேவை. ஒலியைக் கவனிக்கும் டிஎஸ்பிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. விற்பனைக்கு வரும் கைபேசியில் இவற்றைச் சரிபார்க்கும் சாவியின் சுவடு, சில்லுக்குள் ஒருமுறை எரித்தால் மாற்றமுடியாத ஃபியூஸ்களில் பதிந்திருக்கும். ஆகவே ஒரே சில்லு கொண்டிருந்தும் வெவ்வேறு சாவி பதித்த இரண்டு மாடல்களில் ஒன்றின் கோப்பு மற்றொன்றில் ஏறாது. தன் கைபேசியிலிருந்து கோப்பை உருவி எடுக்க எவராலும் முடியும். அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் உரிமம் இல்லை. அதனால் எந்த வழங்கலும் அதைத் தன் தொகுப்பில் சேர்த்து வெளியிட முடியாது. இது செய்யமுடியாத காரியமும் அல்ல. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்13எஸ் மடிக்கணினிக்கான குவால்காம் கோப்புகள் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' பொதுத் தொகுப்பில் முறையான உரிமத்தோடு கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினிக்கு முடிந்தது கைபேசிக்கும் முடியும்.

இனி, கைபேசிக் கோபுரத்தோடு பேசும் மோடம். இந்தியாவில் ஒரு திறமூலக் கைபேசி இங்கேதான் படுத்துவிடுகிறது.

2ஜி காலத்தில் குரல் அழைப்பு முழுக்க மோடத்தின் வேலை. ஏடிடி கட்டளையோடு எண்ணை அனுப்பினால் எதிர்முனையில் மணி அடிக்கும். 4ஜியில் குரல் என்பது ஐஎம்எஸ் என்ற அடுக்கின் வழியே ஓடும் இணைய அழைப்பு, அதாவது வோல்டீ. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வோல்டீ வராத கைபேசியில் ஜியோ சிம்மைப் போட்டால் இணையம் வரும், அழைப்பு வராது. ஐஎம்எஸ் பதிவை யார் செய்வது என்பது கருவிக்குக் கருவி மாறும். பைன்ஃபோனின் க்வெக்டெல் இஜி25-ஜி மோடம் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். எந்தச் சேவை நிறுவனத்தின் அமைவு என்று சொல்லும் எம்பிஎன் கோப்பை மட்டும் ஏடி கட்டளையில் தேர்ந்தெடுத்து, மோடத்தை மறுபடி தொடங்கினால் போதும். கடைக் கைபேசிகளிலோ ஐஎம்எஸ்ஸின் ஒரு பாதி, நிறுவனம் ஆண்ட்ராய்டுக்குள் பொதிந்து வைத்த மூடிய செயலியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டை எடுத்தால் அதுவும் கூடவே போய்விடும். லினேஜ்ஓஎஸ் ஏற்றிய சாம்சங் கைபேசிகள் பலவற்றில் வோல்டீ கிடைக்காமல் போவது இதனால்தான்.

மோடத்தில் இன்னொரு கண்ணிவெடி உண்டு. ஒவ்வொரு கைபேசிக்கும் ஆலையில் அளந்து எழுதிய ரேடியோ அளவுத்திருத்த எண்களும் கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் சேமிப்பகத்தின் தனிப் பகிர்வுகளில் இருக்கும். புது இயங்குதளம் ஏற்றும் ஆர்வத்தில் யாராவது அவற்றை அழித்துவிட்டால் சிக்னல் போய்விடும். முன்கூட்டியே எடுத்த நகல் இருந்தால்தான் பிழைக்கும். நகல் இல்லாமல் ஐஎம்இஐயைப் புதிதாக எழுதப் போனால் ஐஎம்இஐ மாற்றத்தைத் தடை செய்யும் விதிகளில் சிக்குவோம். விதி சரியானதே, திருட்டைத் தடுக்கிறது. அந்தப் பகிர்வுகளைப் பத்திரமாக நகலெடுக்க ஒரு வழியை நிறுவனங்களே தர வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

கடைக் கைபேசியைத் திறப்பது இவ்வளவு பாடென்றால், முதலிலிருந்தே திறந்த கைபேசி ஒன்றைச் செய்துவிடலாமே? செய்து பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வந்த ஓப்பன்மோக்கோ ஃப்ரீரன்னரில் மோடம் ஆழ்ந்து உறங்கும்போதெல்லாம் சில கருவிகள் வலையமைப்பை விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தபடியே இருந்தன. வழுப் பட்டியலில் அதன் எண்ணான 1024-ஆலேயே அது பேர் பெற்றது. மென்பொருளால் உறக்கத்தைத் தடுத்தார்கள், பேட்டரி வேகமாகத் தீர்ந்தது. சரியாகத் தீர்க்கப் பலகையில் ஒரு மின்தேக்கியை மாற்றிப் பற்றவைக்க வேண்டியிருந்தது. மென்பொருள் வழுவை இரவோடு இரவாக எல்லோருக்கும் திருத்தி அனுப்பலாம். விற்றுப்போன பலகையை என்ன செய்வது?

ப்யூரிசத்தின் லிப்ரெம் 5, 2017-இல் கூட்டுநிதியாக 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2019 ஜனவரியில் தருவதாகச் சொல்லி, முதல் தொகுதி 2019 செப்டம்பரிலும் பெருந்தொகுதி உற்பத்தி 2020 நவம்பரிலும்தான் கைகூடின. திறமூல டிரைவர்களோடு ஓடவேண்டும் என்பதற்காக ஐ.எம்எக்ஸ்8எம் குவாட் சில்லை எடுத்தார்கள். மோடம் முதன்மை நினைவகத்தைத் தொட முடியாதபடி அதைத் தனி எம்.2 அட்டையில் வைத்து யூஎஸ்பியில் இணைத்தார்கள். கொள்கை அளவில் இரண்டும் அருமையான முடிவுகள். ஆனால் அது கைபேசிக்கென வடித்த சில்லு அல்ல. சூடாகும், மின்சாரம் குடிக்கும். கேமராவின் கச்சாப் படத்தைப் பதப்படுத்தும் ஐஎஸ்பி பகுதியே அதில் கிடையாது. அட்டை வைக்க இடம் வேண்டுமே, கருவியும் தடித்தது.

149 டாலருக்கு வந்த பைன்ஃபோன் எதிர்த்திசையில் போனது: மலிவான, ஆனால் நன்கு அலசப்பட்ட ஆல்வின்னர் ஏ64 சில்லு. அதிலும் உறக்கம்தான் தலைவலி. கணக்கு எளிது. 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து சும்மா இருக்கும்போது 300 மில்லி ஆம்பியர் போனால் 10 மணி நேரம் தாங்கும், 30 ஆகக் குறைத்தால் 100 மணி நேரம். அந்தக் குறைப்பு, சில்லுக்குள் இருக்கும் ஏஆர்100 என்ற துணை ப்ராசஸருக்கு க்ரஸ்ட் என்ற ஃபர்ம்வேர் எழுதப்பட்ட பிறகே சாத்தியமானது. உறக்கம் வந்ததும் அடுத்த சிக்கல். அழைப்பு வந்தால் மோடம் ஒரு கம்பியில் துடிப்பைத் தந்து முதன்மை ப்ராசஸரை எழுப்பும். ப்ராசஸர் எழுந்து, யூஎஸ்பியில் மோடத்தைத் திரும்ப அடையாளம் கண்டு, மணியை ஒலிக்கச் செய்வதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார்.

இந்த இரு கைபேசிகளுக்கும் இடையே நடந்த ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். லிப்ரெம் 5-இன் திரைக்கு எழுதிய டிரைவர் மெயின்லைன் கர்னலுக்குள் போனது. பைன்ஃபோனின் திரையிலும் அதே எஸ்டி7703 கட்டுப்பாட்டுச் சில்லு இருந்ததால், அந்த டிரைவரே சிறு சேர்க்கையோடு அதற்கும் பயன்பட்டது. ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து எழுதிய வேலை, போட்டி நிறுவனத்தின் மலிவுக் கைபேசியை எழுப்பியது. பொதுப்பணத்தை எங்கே போட வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவோம். தனிக் கர்னலில் போட்ட பணம் அந்த மாடலோடு குப்பைக்குப் போகும்.

ஹுவாவே தனியாக இயங்குதளம் கட்டவில்லையா என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். கட்டினார்கள். ஆனால் ப்ராசஸரையும் மோடத்தையும் தாங்களே வடிவமைத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. அந்த வரிசையில் இயங்குதளம் கடைசிப் படி.

யூபிஐ பற்றிச் சொல்லாமல் முடியாது. மேலே சொன்ன எல்லாவற்றையும் கடந்துவந்த கைபேசியிலும் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கின்றன, கூகுளின் சான்று இல்லை என்பதால். ஆண்ட்ராய்டு அல்லாத லினக்ஸ் கைபேசி என்றால் செயலியே கிடையாது. மிஞ்சுவது பட்டன் போன்களுக்கான 123பே. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது ஆண்ட்ராய்டில் இதே ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகத்தான். ஆனால் நம் நாட்டுப் பணப்பரிமாற்றத்துக்கே அந்த நிறுவனத்தின் முத்திரையை வாசற்படியாக வைத்துக்கொண்டிருக்கிறோம். 2025 மார்ச்சில் ஏஓஎஸ்பியின் வளர்ச்சிப் பணி முழுவதையும் தன் உள்வட்டத்துக்குள் எடுத்துக்கொள்வதாகவும் கூகுள் அறிவித்தது. இதற்கு மாற்று ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. வன்பொருள் வழிச் சான்றளிப்பில், கைபேசி எந்தச் சாவியால் சரிபார்த்து எழுந்தது என்ற விவரம் வரும். நம்பத்தக்க இயங்குதளங்களின் சாவிகளை, யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் ஒரு பட்டியலாக வெளியிட்டு, வங்கிச் செயலிகள் அதைப் பார்க்கவேண்டும் என்று சொன்னால் போதும். பாதுகாப்பு குறையாது. யாரை நம்புவது என்ற முடிவு மட்டும் நம்மிடம் வரும்.

கைபேசி நிறுவனங்களுக்கு விதி போடுவது உங்களுக்குப் புதிதல்ல. 2017 ஜனவரி 1 முதல் அவசர அழைப்புப் பொத்தான் கட்டாயம் என்றபோது, பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்டநேரம் அழுத்தவேண்டும் என்பது வரை அரசு எழுதியது. இந்தியத் தர விதியான ஐஎஸ் 16333-இன் மூன்றாம் பகுதி, 22 அலுவல் மொழிகளையும் கைபேசியில் படிக்க முடியவேண்டும் என்றது. எந்த நிறுவனமும் சந்தையை விட்டு ஓடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு இயங்குதளத் திருத்தம் தரவேண்டும். அதே கைபேசிகளில் பலவும் நம் ஊரிலும் விற்கின்றன.

ஆகவே கேட்கிறோம். கர்னலின் மூலநிரலும் டிவைஸ் ட்ரீயும் விற்பனை தொடங்கும் நாளிலேயே வெளிவர வேண்டும். கர்னலுக்கு அது ஜிபிஎல் உரிமத்தின்படி ஏற்கெனவே உள்ள கடமைதான். ஃபர்ம்வேர் கோப்புகளை மாற்றாமல் மறுவிநியோகம் செய்ய உரிமம் வேண்டும். பூட்லோடரை உரிமையாளர் திறக்கவும், தன் சாவியைப் பதித்து மறுபடி பூட்டவும் வழி வேண்டும். கூகுளின் பிக்சல் கைபேசிகளில் இது இப்போதே முடியும். திறந்தால் திருடர்களுக்கு வசதி என்பார்கள். திறக்கும்போது தரவு முழுதும் அழிகிறது. திருட்டுக் கைபேசியின் ஐஎம்இஐயை முடக்க அரசின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. 2020 முதல் விற்பனை உயர்வில் 4 முதல் 6 விழுக்காடு வரை ஊக்கத்தொகை கொடுத்தீர்களே, அதுபோன்ற அடுத்த திட்டம் வரும்போது இந்த நிபந்தனைகளை அதில் சேருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் கோத்து அனுப்பும் கைபேசியின் கர்னலைச் சென்னையில் ஒருவர் திருத்த முடியவேண்டும் என்பது பெரிய ஆசை இல்லை.

பதிவுக்கு வரும் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அலுவலர் செய்து பார்க்கக்கூடிய சோதனையைக் கீழே தருகிறோம். முத்திரை உடைக்காத இரண்டு கைபேசிகளை, நிறுவனத்துக்குத் தெரியாமல் கடையில் வாங்குங்கள். நிறுவனத்தின் சர்வர் அனுமதியோ காத்திருப்புக் காலமோ இல்லாமல் பூட்லோடரைத் திறங்கள். ஒப்படைத்த மூலநிரலிலிருந்து, அவர்களே குறிப்பிட்ட கம்பைலர் பதிப்பில் கர்னலைக் கட்டி ஏற்றுங்கள். அதன்மேல் வெறும் ஏஓஎஸ்பியைப் போட்டு, ஒரு ஜியோ சிம்மும் வேறொரு நிறுவன சிம்மும் செருகி, இரண்டிலும் வோல்டீ அழைப்பு போகிறதா, வருகிறதா என்று பாருங்கள். 112-ஐ மட்டும் உண்மை வலையமைப்பில் அழைக்காதீர்கள், ஆய்வகத்தின் சோதனைக் கோபுரத்தில் அழையுங்கள். கைபேசியை ஓர் இரவு உறங்கவிட்டு, காலையில் மீதமுள்ள பேட்டரியைக் குறித்துக்கொண்டு, உறங்கும்போதே அழைத்து எத்தனை நொடியில் மணி அடிக்கிறது என்று எண்ணுங்கள். கடைசியாக உங்கள் சாவியைப் பதித்துப் பூட்டுங்கள். இவற்றில் எது தேறியது, எது தோற்றது என்பதைப் பெட்டியின் மேல், உடல் உறிஞ்சும் கதிர்வீச்சைச் சொல்லும் எஸ்ஏஆர் அளவுக்குப் பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கைபேசிகளில் கட்டற்ற இயங்குதளங்களை ஏற்றியும் பராமரித்தும் வரும் பொறியாளர்கள் சிலர்